சுண்டெலியின் ஏட்டில் ஓர் இடைச்செருகல்

பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெரியோர்கள் பட்ட தொல்லைகள் பல. அவற்றுள் ஒன்று இடைச்செருகல். ஏடெழுதுவோன் ஒருவன் தன் நினைவுக்காகவோ விளக்கத்துக்காகவோ ஓரிரு வரிகளை நடுவே எழுதிவைப்பான். அடுத்துப் படியெடுப்பவன் அவற்றையும் மூலமென்று கருதி எழுதிவிடுவான். சில தலைமுறைகள் கழிந்தபின் எது மூலம், எது செருகியது என்று அறிவதே பெரும்பாடாகிவிடும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். அவரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே உண்மைப் பாடத்தைத் துணியவேண்டியிருந்தது.

ஏறக்குறைய இதே தொல்லை இன்று உயிரியல் விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அவர்கள் கையிலுள்ள ஏடு பனையோலையன்று. உயிர்க்கலத்தின் உள்ளே சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை. அதிற் செருகியவர்களும் அவர்களே, செருகியதைக் களையவேண்டியவர்களும் அவர்களே. அவ்வாறு களையும் கலை எவ்வாறு வளர்ந்தது, அது சுண்டெலியின் கூட்டிலிருந்து நெல்வயல்வரை எவ்வாறு வந்தது, நம்போன்ற தீவகத்துக் குடும்பங்கள் அதனை ஏன் அறிந்திருக்கவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

ஏன் சுண்டெலி?

டி.என்.ஏ. இழையில் நான்கே வகையான இரசாயன எழுத்துக்கள் உண்டு. அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் என்பன அவை. இந்நான்கும் மாறிமாறி வருவதாலேயே உயிரினத்தின் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. மனிதனின் ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். சுண்டெலியின் ஏட்டில் ஏறத்தாழ 270 கோடி. சுண்டெலியின் ஏடு முழுவதையும் ஓரளவு படித்து முடித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்விழையிற் குறிப்பிட்ட ஒரு பணிக்குரிய பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம். மனிதனிடமுள்ள பரம்பரையலகுகளுட் பெரும்பாலானவற்றுக்கு ஒத்தவை சுண்டெலியிடமும் உள்ளன. அதன் கருப்பகாலமோ மூன்று வாரமே. பிறந்த குட்டி ஆறு முதல் எட்டு வாரத்தில் தானும் இனம்பெருக்கத் தகுதியடைகிறது. ஆகவே மனித நோய்களின் வேரை அறிய விரும்புவோர் இச்சிறு பிராணியை நாடியது வியப்பன்று.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன், ரடில் என்னும் இருவர் சுண்டெலியின் கருவுற்ற முட்டைக்குள் நுண்ணூசியால் அயல் டி.என்.ஏ.யைச் செலுத்திக் காட்டினர். இரண்டாண்டு கழித்துப் பால்மிற்றர், பிறின்ஸ்ரர் ஆகியோரின் குழு, எலியின் வளர்ச்சிச் சுரப்புக்குரிய பரம்பரையலகைச் சுண்டெலியின் முட்டையிற் செருகியது. பிறந்த குட்டிகளுட் சில தம் உடன்பிறப்புக்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பருத்து வளர்ந்தன. உலகமே அப்படத்தைக் கண்டு வியந்தது.

ஆயினும் இம்முறையில் ஒரு குறையுண்டு. செலுத்திய துண்டு இழையில் எவ்விடத்திற் போய் அமரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குறித்த ஏட்டில் குறித்த வரியைத் திருத்தும் வழியை மாரியோ கபெக்கி, ஒலிவர் சிமிதீஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர். 1981ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜில் மார்ட்டின் எவன்ஸ், மத்தியூ கோஃப்மன் ஆகியோர் பிரித்தெடுத்து வளர்த்த சுண்டெலியின் முளையத் தண்டுக்கலங்கள் அதற்குத் துணையாயின. தண்டுக்கலத்தில் திருத்தம் செய்து, அக்கலத்தை முளையத்துள் வைத்து, அதிலிருந்து வரும் சந்ததியில் திருத்தத்தைக் காண்பதே அம்முறை. கபெக்கி, சிமிதீஸ், எவன்ஸ் மூவருக்கும் 2007ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இறக்கப்படாத சாரம்

இங்கேதான் இடைச்செருகல் வருகிறது. குறித்த இடத்தில் திருத்தம் நிகழ்வது மிக அரிது. ஆயிரக்கணக்கான கலங்களுள் ஒன்றிரண்டிலேயே அது கைகூடும். அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தனர். பற்றீரியா ஒன்றிலிருந்து, நியோமைசின் வகை மருந்துகளைத் தாங்கும் ஆற்றலைத் தருகின்ற பரம்பரையலகை எடுத்துத் திருத்தத்தோடு சேர்த்துச் செருகினர். பின்னர் கலங்கள் வளரும் கிண்ணத்தில் அவ்வகை மருந்தை ஊற்றினர். செருகல் பெறாத கலங்கள் மடிந்தன, பெற்றவை பிழைத்தன. பிழைத்தவற்றை மாத்திரம் சோதித்துத் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டனர்.

கோபுரம் கட்டும்போது எழுப்பும் சாரத்தைப் போன்றது இந்த அடையாள அலகு. சாரமின்றிக் கோபுரம் எழாது. ஆனால் குடமுழுக்குக்கு முன் சாரத்தை இறக்கிவிடுகிறோம். தொடக்க காலத்து ஆராய்ச்சியாளர் பலர் இதனை இறக்காமலே விட்டுவிட்டனர். கலம் பிழைத்தது, குட்டியும் பிறந்தது. மூலையில் ஒரு சிறு துண்டு கிடந்தால் என்ன என்று எண்ணினர் போலும்.

அதனால் வந்த குழப்பத்துக்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. தசை உருவாவதிற் பங்குகொள்ளும் பரம்பரையலகு ஒன்றுக்கு எம்.ஆர்.எஃப். 4 என்று பெயர். அதனை அழித்தால் என்ன நேரும் என்றறிய மூன்று ஆராய்ச்சிக்கூடங்கள் தனித்தனியே சுண்டெலிகளை உருவாக்கி, 1995ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டன. அழிக்கப்பட்டது ஒரே அலகு. முடிவுகளோ மூன்று. ஒரு கூடத்துச் சுண்டெலிகள் பெரிய குறையின்றி உயிர்வாழ்ந்தன. மற்றொன்றில் விலாவெலும்புகள் சிதைந்து குட்டிகள் பிறந்தவுடன் இறந்தன. மூன்றாவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது.

எவர் சொல்வது உண்மை? மூவரும் பொய்யுரைக்கவில்லை. மறு ஆண்டில் அந்த ஆராய்ச்சிகளை ஒப்புநோக்கிய அறிஞர்கள், கோளாறு பக்கத்து வீட்டிலிருந்து வந்ததென்று விளக்கினர். எம்.ஆர்.எஃப். 4 இருக்கும் இடத்துக்குச் சில ஆயிரம் எழுத்துக்கள் தள்ளி மிஃப் 5 என்னும் வேறொரு தசை அலகு இருக்கிறது. ஒவ்வொரு கூடமும் வெவ்வேறு அளவில் வெட்டி, வெவ்வேறு விதத்தில் அடையாள அலகைச் செருகியிருந்தது. அந்த மாற்றங்கள் அண்டையிலுள்ள மிஃப் 5இன் பணியையும் வெவ்வேறளவிற் குலைத்துவிட்டன. அடையாள அலகு தனக்கென ஒரு தூண்டுபகுதியையும் உடன்கொண்டு வருவது. அது அயலாரின் விளக்கையும் ஏற்றவோ அணைக்கவோ வல்லது.

மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒரு நோய்க்குக் காரணம் இன்ன அலகு என்று சுண்டெலியைக் கொண்டு முடிவுகட்டி, அம்முடிவை நம்பி மருந்து தேடப் புறப்பட்டால், பல்லாண்டு உழைப்பு வீணாகக்கூடும். குற்றவாளி அந்த அலகன்று, நாம் மறந்துவிட்ட சாரமே என்று பின்னரே தெரியவரும். ஆகவே செருகியதைக் களைதல் அழகுக்காகச் செய்யும் வேலையன்று. உண்மையைக் காண்பதற்கு இன்றியமையாத வேலை.

கிரீ என்னும் கத்தரிக்கோல்

களையும் கருவி எங்கிருந்து கிடைத்தது? மனிதன் அதனைப் புதிதாகச் செய்யவில்லை. பற்றீரியாக்களைத் தாக்கும் பி 1 என்னும் நுண்ணிய வைரசிடமிருந்து இரவல் பெற்றான். அந்த வைரசு தன் டி.என்.ஏ.யை வளையமாக மூடவும், இரண்டு வளையங்கள் ஒன்றாய்ப் பிணைந்துவிட்டால் அவற்றைப் பிரிக்கவும் கிரீ என்னும் நொதியத்தைப் பயன்படுத்துகிறது. 1981ஆம் ஆண்டில் ஸ்ரேண்பேர்க், ஹமில்ற்றன் ஆகியோர் இதன் செயலை விளக்கினர். 1980களின் பிற்பகுதியில் பிறையன் சோவர் என்பவர் இதே நொதியம் மதுவக் கலத்திலும், பின்னர் சுண்டெலியின் கலத்திலும் வேலைசெய்யும் என்று காட்டினார்.

கிரீ கண்ட இடத்தை வெட்டுவதில்லை. லொக்ஸ் என்று பெயரிடப்பட்ட 34 எழுத்துக்கள் கொண்ட ஓர் அடையாளத்தையே அது தேடுகிறது. இரு ஓரங்களிலும் 13 எழுத்துக்கள், நடுவில் 8 எழுத்துக்கள் என்பது அதன் அமைப்பு. ஓரத்துப் பதின்மூன்றும் ஒன்றையொன்று எதிர்நோக்கிய வடிவின. நடுவிலுள்ள எட்டே அடையாளத்துக்குத் திசையைத் தருகின்றன. நான்கு எழுத்துக்களைக்கொண்டு 34 இடங்களை நிரப்பும் வகைகளைக் கணக்கிட்டால், 3 எழுதி அதன்பின் 20 சுழிகளை இட்டால் வரும் எண்ணுக்குச் சற்றே குறைவான ஒரு தொகை கிடைக்கும். 270 கோடி எழுத்துக்கள் கொண்ட சுண்டெலியின் ஏட்டில் அவ்வடையாளம் தற்செயலாக அப்படியே அமைந்திருக்க இடமில்லை என்பது இதனால் விளங்கும்.

செய்முறை இது. களையவேண்டிய துண்டின் தலையிலும் காலிலும் ஒரே திசை நோக்கியபடி இரண்டு லொக்ஸ் அடையாளங்களை முன்னரே வைத்துவிடவேண்டும். கிரீ நொதியம் வந்து இரண்டையும் பற்றி அருகருகே கொணர்கிறது. இடையிலுள்ள இழை ஒரு கண்ணியைப் போல் வளைகிறது. நொதியம் இரு அடையாளங்களையும் அறுத்து மாற்றி ஒட்டுகிறது. இப்போது கண்ணி தனி வளையமாகக் கழன்று போய்விடும். தாயிழை மீண்டும் ஒன்றாகிவிடும். கழன்ற வளையம் தன்னைப் படியெடுத்துக்கொள்ள வகையின்றி, கலம் பிரியப் பிரிய அழிந்துபோகிறது. தாயிழையில் ஒரே ஒரு லொக்ஸ் மாத்திரம் தழும்பாக எஞ்சும். இரண்டு அடையாளங்களும் எதிரெதிர்த் திசை நோக்கியிருந்தாலோ துண்டு கழலாது, தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும்.

1992ஆம் ஆண்டில் உயிருள்ள சுண்டெலிகளிலும் இதனைச் செய்துகாட்டினர். 1994ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த கிளவுஸ் ரயெவ்ஸ்கியின் குழு, உடல் முழுவதிலுமன்றி நோயெதிர்ப்புக்குரிய ஒருவகை வெண்குருதிக் கலங்களில் மாத்திரம் ஒரு பரம்பரையலகைக் களைந்து காட்டியது. இதன் சூட்சுமம் நம் வீட்டுச் சம்பந்தங்களைப் போன்றது. ஒரு குலத்துச் சுண்டெலியிடம் கத்தரிக்கோல் உண்டு, அடையாளம் இல்லை. மற்றைக் குலத்தினிடம் அடையாளம் உண்டு, கத்தரிக்கோல் இல்லை. இரு குலமும் தனித்தனியே நலமாக வாழ்கின்றன. இரண்டுக்கும் மணவினை நிகழ்ந்து பிறக்கும் குட்டியில்தான் வெட்டு நிகழ்கிறது. கத்தரிக்கோல் எந்த உறுப்பில் வெளிப்படவேண்டும் என்பதையும் முன்னரே வரையறுத்துவிடலாம்.

மதுவத்தின் கொடை

கிரீக்குத் துணையாக இன்னொரு கருவியும் வந்துசேர்ந்தது. பாண் புளிக்கவைக்கும் மதுவத்தின் கலத்தினுள் வாழும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் ஃபிளிப் என்னும் நொதியத்தை ஆக்குகிறது. அது வேறோர் அடையாளத்தைத் தேடி, கிரீ செய்யும் வேலையையே செய்கிறது. ஆனால் மதுவம் 30 பாகை வெப்பத்தில் வாழ விரும்புவது. சுண்டெலியின் உடலோ 37 பாகை வெப்பமுடையது. அவ்வெப்பத்தில் ஃபிளிப் சோர்ந்துவிட்டது. 1998ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க் நகரத்து ஆராய்ச்சியாளர் அந்நொதியத்திற் சில மாற்றங்களைச் செய்து, சூட்டைத் தாங்கும் வகையைப் பெற்றனர்.

இரண்டு கத்தரிக்கோல்கள் கிடைத்தமையால் இருவேறு பணிகளைத் தனித்தனியே செய்ய வழி பிறந்தது. 2007ஆம் ஆண்டிற் பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் ஒன்றுகூடி, சுண்டெலியின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அழித்து ஆராயும் பெருமுயற்சியைத் தொடங்கின. அவர்கள் கையாண்ட அமைப்புக்களுட் சிறந்ததொன்றில், அடையாள அலகைச் சுற்றி ஃபிளிப்பின் அடையாளங்களும், ஆராயவேண்டிய பகுதியைச் சுற்றி லொக்ஸ் அடையாளங்களும் வைக்கப்பட்டன. முதலில் ஃபிளிப் வந்து சாரத்தை இறக்கும். அலகு தன் இயல்பான பணிக்குத் திரும்பும். பின்னர் வேண்டிய உறுப்பில், வேண்டிய காலத்தில், கிரீ வந்து அந்த அலகையே களையும்.

தழும்பும் இன்றி

34 எழுத்துத் தழும்பும் எஞ்சலாகாது என்று விரும்பியவர்களுக்கு ஓர் அந்துப்பூச்சி உதவியது. முட்டைக்கோசுப் பயிரை அரிக்கும் ஒருவகை அந்தின் கலங்களில், இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டொன்றைக் கண்டனர். அதன் பெயர் பிகிபக். தைமீன், தைமீன், அடினீன், அடினீன் என்னும் நான்கெழுத்துத் தொடர் உள்ள இடத்திலேயே அது அமரும். புறப்படும்போது அந்நான்கெழுத்தை முன்னிருந்தபடியே விட்டுச்செல்லும். அது சுண்டெலியிலும் இயங்கும் என்பதை 2005ஆம் ஆண்டிற் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் காட்டினர்.

இதன் அருமை சில ஆண்டுகளில் வெளியாயிற்று. யப்பானிய விஞ்ஞானி சின்யா யமனாக்கா 2006ஆம் ஆண்டில், முதிர்ந்த உடற்கலத்தில் நான்கு பரம்பரையலகுகளைச் செருகி அதனை மீண்டும் தண்டுக்கலம் போன்று இளமையாக்கலாம் என்று கண்டார். பழுதுற்ற உறுப்பை நோயாளியின் சொந்தக் கலத்தைக்கொண்டே சீர்செய்யும் நம்பிக்கை பிறந்தது. 2012ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. ஆனால் அந்நான்கனுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடையது. அவ்வாறு பெற்ற கலங்களிலிருந்து வந்த சுண்டெலிகளின் சந்ததியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்குக் கட்டிகள் தோன்றின என்று அவரது ஆராய்ச்சிக்கூடமே 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. உறங்கிக்கிடந்த இடைச்செருகல் விழித்துக்கொண்டதே அதற்குக் காரணம். 2009ஆம் ஆண்டிற் கனடாவின் ரொறன்ரோ நகரத்தார் பிகிபக்கின் உதவியால் அந்த அலகுகளைச் செருகி, வேலை முடிந்ததும் சுவடின்றி அகற்றும் வழியைக் காட்டினர். களைதல் என்னும் கலை இங்கே நோயாளியின் உயிரைக் காக்கும் கலையாகிறது.

அதன்பின் வந்தது கிறிஸ்பர். 2012ஆம் ஆண்டில் எமானுவேல் ஷார்ப்பாந்தியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் வெளியிட்ட இம்முறைக்கு 2020ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அடையாள அலகு இல்லாமலே சுண்டெலியின் முட்டையில் நேரடியாகத் திருத்தம் செய்ய இது வழிவகுத்தது. ஆயினும் தாவரங்களிற் பெரும்பாலும் இக்கருவியையே முதலிற் கலத்துள் செருகவேண்டியிருப்பதால், களையும் வேலை அங்கே ஓயவில்லை.

களைந்தோம் என்பதற்குச் சான்று

களைந்துவிட்டோம் என்று சொன்னாற் போதுமா? போதாது. சுண்டெலியின் காதோரத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து அதன் டி.என்.ஏ.யைப் பிரிக்கின்றனர். பி.சி.ஆர். என்னும் முறையால் ஐயத்துக்குரிய பகுதியை மாத்திரம் கோடிக்கணக்கிற் பெருக்கி, கூழ்ப் படலமொன்றில் மின்சாரத்தைச் செலுத்தி ஓடவிடுகின்றனர். சிறிய துண்டு விரைந்தோடும், பெரியது பின்தங்கும். இயல்பான இழை தரும் துண்டு 300 எழுத்து நீளமென்று வைத்துக்கொள்வோம். அடையாள அலகு உள்ளே இருந்தால் துண்டு அதன் நீளத்தாற் பெரிதாகும். களைந்தபின் 300க்குச் சற்று மேலாக, லொக்ஸ் தழும்பின் 34 எழுத்தும் அதனோடு ஒட்டிய சிலவும் கூடிய அளவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நின்ற இடமே சான்று.

அதோடும் வேலை முடிவதில்லை. வெட்டு எல்லாக் கலங்களிலும் நிகழ்ந்திருக்காது. காதிற் களைந்தது முட்டையிலோ விந்திலோ களையப்படாமல் இருக்கலாம். ஆகவே அடுத்த தலைமுறையையும் சோதிக்கவேண்டும். கத்தரிக்கோலாக வந்த கிரீயின் பரம்பரையலகும் ஓர் இடைச்செருகலே. அதனை வெட்டி எடுக்கவேண்டியதில்லை. இயல்பான சுண்டெலியோடு கூட்டினால் குட்டிகளுட் பாதி அதனைப் பெறாமற் பிறக்கும். அவற்றைத் தெரிந்தெடுப்பதே முறை. கிரீயை அளவின்றி விட்டுவைப்பதும் ஆபத்தே. விந்துக்கலங்கள் முதிரும் பருவத்தில் மிகுதியாக வெளிப்பட்ட கிரீ, லொக்ஸைச் சிறிதளவு ஒத்த இடங்களையும் வெட்டி ஆண் சுண்டெலிகளை மலடாக்கியது என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. களையெடுக்கும் மண்வெட்டி பயிரையும் கொத்தக்கூடுமன்றோ?

மதுரையில் ஒரு முயற்சி

சுண்டெலிக்கூட்டிற் பயின்ற இச்சிந்தனை தமிழ்நாட்டிலும் பயிர் ஆராய்ச்சியிற் பலன் தந்திருக்கிறது. நெல்லைத் தாக்கும் இலையுறை கருகல் என்னும் பூஞ்சண நோயை எதிர்க்கும் நெல்லை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கே. வேலுத்தம்பி அவர்களின் குழுவினர் உருவாக்கினர். பூஞ்சணத்தின் சுவரை அரிக்கும் நொதியத்துக்குரிய அலகு ஒரு துண்டிலும், மருந்தைத் தாங்கும் அடையாள அலகு வேறொரு துண்டிலுமாக, இரண்டையும் ஒரே பற்றீரியாவின் மூலம் நெல்லுட் செலுத்தினர். இரண்டும் வெவ்வேறு இடங்களில் அமர்ந்த செடியை எடுத்து, அதன் விதையை விதைத்து, நல்ல அலகு இருந்து அடையாளம் இல்லாத நாற்றுக்களைத் தெரிந்தனர். முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இங்கே கத்தரிக்கோலாக நின்றது மெண்டலின் விதியே. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு துண்டுகளும் ஒவ்வொரு படியாக வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருந்தால், தன்மகரந்தச் சேர்க்கையாற் பிறக்கும் நாற்றுக்களுள் நல்ல அலகைப் பெறுவன நான்கில் மூன்று. அடையாளத்தைப் பெறாதன நான்கில் ஒன்று. இரண்டு நிபந்தனையும் பொருந்துவன பதினாறில் மூன்று. ஆகவே நூறு நாற்றை வளர்த்தால் ஏறக்குறைய பத்தொன்பது கிடைக்கும். இதற்கு முந்திய ஆண்டில், 2007இல், டில்லிப் பல்கலைக்கழகத்துத் தீபக் பென்டல் அவர்களின் குழு, கிரீ-லொக்ஸ் முறையையே கையாண்டு கடுகுச் செடியிலிருந்து அடையாள அலகை அகற்றியது.

உவர்நிலத்தார் கேட்கவேண்டியவை

வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவு மடத்துவெளிக்கு வருவோர் இருமருங்கும் கடலைக் காண்பர். தீவகத்துக் கிணறுகளில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமே. மாரி பொய்த்தால் நெல்லும் பொய்க்கும். உவர் ஏறிய வயல் தரிசாகும். உவரைத் தாங்கும் நெல்லுக்கு இம்மண்ணில் உள்ள தேவையை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் நாட்டு ஆராய்ச்சியாளர், கேரளத்துப் பொக்காளி என்னும் உவர்நெல்லை ஒரு பெற்றோராகக் கொண்டு, பழைய கலப்பு முறையாலேயே அட் 354 என்னும் இனத்தைத் தந்திருக்கின்றனர்.

இந்தியாவில் 2025ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, கிறிஸ்பர் முறையால் திருத்திய இரண்டு நெல்லினங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று ஐதராபாத்து நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா என்னும் டி.ஆர்.ஆர். தான் 100. மற்றையது புதுடில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. நெல் 1, வறட்சியையும் உவரையும் தாங்குவதற்கென்று உருவாக்கப்பட்டது. இவ்விரண்டிலும் அயல் டி.என்.ஏ. எதுவும் எஞ்சவில்லை, கருவியாகச் செருகியது அடுத்த தலைமுறைகளிற் களையப்பட்டுவிட்டது என்பது உருவாக்கியோர் கூற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி இந்திய அரசு வெளியிட்ட குறிப்பாணையின்படி, அயல் டி.என்.ஏ. எஞ்சாத இத்தகைய திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடுமையான விதிகள் பலவற்றிலிருந்து விலக்குண்டு.

ஆகவே அங்கே சட்டத்தின் முழுப் பாரமும் 'எஞ்சவில்லை' என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. அச்சொல் மெய்யாயின், உவர்நிலத்து உழவனுக்கு நல்ல விதை விரைந்து கிடைக்கும். அச்சொல்லைச் சோதியாமல் நம்பினாலோ, மூன்று கூடங்கள் ஒரே அலகிற்கு மூன்று முடிவு கண்ட கதை வயலிலும் நிகழக்கூடும். புதிய நெல்லினங்களின் வயற்சோதனை முடிவுகளைப் பற்றியும் இந்தியாவில் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகள் மரபணு மாற்றிய உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்கின்றன. செருகிப் பின் களைந்த விதையை எவ்வகுப்பிற் சேர்ப்பது என்பது நம் நாட்டினரும் சிந்திக்கவேண்டிய கேள்வி.

அத்தகைய விதை நம் வாசலுக்கு வருமாயின், அஞ்சி ஒதுக்குவதும் அறிவன்று, வியந்து வாங்குவதும் அறிவன்று. கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. முதலிற் செருகியது என்ன? அதனைக் களைந்த முறை எது? களைந்த இடத்தில் எஞ்சிய தழும்பு எவ்வளவு? முழு ஏட்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தவர் யார், அவர் விதையை விற்பவரின் வேறானவரா? இந்நான்குக்கும் தெளிவான விடை தருவோரின் விதையை நம்பலாம். விடை தர மறுப்போரிடம், தந்தபின் வருக என்று சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் இக்கேள்விகள் விளங்கும். அவன் தன் வீட்டிலுள்ள உழவர்க்கு அவற்றை எடுத்துச்சொல்லவும் முடியும். ஏட்டில் இடைச்செருகலைக் கண்டபோது நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டைத் தீயிலிடவுமில்லை, கண்டதையெல்லாம் மூலமென்று தலைமேற்கொள்ளவுமில்லை. பல படிகளைப் பக்கத்தில் வைத்து, பொறுமையோடு ஒப்புநோக்கி, ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே குறித்துவைத்தனர். உயிரின் ஏட்டைத் திருத்தப் புகுந்த இக்காலத்து விஞ்ஞானிகளிடமும் நாம் வேண்டுவது அந்தப் பொறுமையையும் அந்த நேர்மையையுமே.